உதிர்வதும் உயிரின் தொழிலே

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் சென்று, கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறுகின்ற பாதையில் மாசி பங்குனி மாதங்களில் பிரயாணம் செய்வோர், இருமருங்கிலும் இலையற்று நிற்கும் விருட்சங்களைக் கண்டு, காடே பட்டுப்போயிற்றோ என்று மனம் வருந்துவதுண்டு. ஆனால் கல்வராயன் மலையின் தேக்கும் வேங்கையும் இலவும் அப்பருவத்தில் நிறைவேற்றுகின்ற காரியம், அவை ஆண்டு முழுவதும் செய்பவற்றுள் மிகவும் நுட்பமானதாகும்.

மண்ணின் ஈரம் வற்றியபின்னும் இலைகள் வழியே நீர் ஆவியாகிக்கொண்டே இருக்குமானால், தண்டிலுள்ள நுண்ணிய நீர்க்குழாய்களில் காற்றுக் குமிழ்கள் புகுந்து, நீரோட்டம் அறுந்து, கிளைகள் மாண்டுபோகும். அந்த ஆபத்து முற்றுமுன்பே மரம் இலைகளைத் துறக்க ஆயத்தமாகிறது. குடியிருந்த வீட்டைக் காலி செய்கிறவர்கள் பண்டபாத்திரங்களை எடுத்துக்கொண்ட பிறகே கதவைச் சாத்துவதுபோல, அது முதலில் பச்சையத்தைச் சிதைத்து, புரதங்களை உடைத்து, தழைச்சத்தையும் மணிச்சத்தையும் கிளைக்குள் திருப்பி வாங்கிக்கொள்கிறது. உலகெங்கும் பலவகைத் தாவரங்களை ஆராய்ந்து கண்ட கணக்கின்படி, இலையிலிருந்த இவ்விரு சத்துக்களிலும் சராசரியாக ஏறக்குறையப் பாதி இவ்விதம் மீட்கப்பட்டுவிடுகிறது. திசுக்களில் இறுகிப்போன சுண்ணாம்புச்சத்தை மீட்பதற்கு மட்டும் வழியில்லை. அது இலையோடு மண்ணுக்குச் செல்கிறது.

இலை இளமையாக இருக்கும்வரை அதிலிருந்து ஆக்சின் என்னும் ஊக்கி காம்பை நோக்கி இடைவிடாது வந்துகொண்டிருக்கும். அந்த வரத்து குறைந்ததும் எத்திலீன் என்ற வாயுவின் ஆதிக்கம் மேலோங்கி, காம்பின் அடியிலுள்ள மெல்லிய உயிரணு அடுக்கில் நொதிகள் சுரந்து, அணுக்களைப் பிணைத்திருக்கும் பசையைக் கரைக்கின்றன. மரத்தின் பக்கம் தக்கை போன்றதொரு காப்படுக்கு உருவாகிப் புண் மூடப்படுகிறது. தேக்கங்கிளை ஒன்றைத் தாழ்த்திக் கூர்ந்து நோக்கினால், பெரிய இலையொன்று இருந்த இடத்தில் ஒரு தழும்பும், அதனுள் நீர்க்குழாய்கள் அற்றுப்போன சிறு புள்ளிகளும் தெரியும்; அங்கே சாறு கசிவதில்லை.

இனி, காற்றில் முறிந்து தொங்கும் கிளையையோ, ஆட்டுத் தழைக்கென்று யாரோ ஒடித்துப் போட்ட கொப்பையோ பாருங்கள். அதன் இலைகள் சுருண்டு சருகாகியும், வாரக்கணக்கில் கிளையை விட்டு நீங்காமல் ஒட்டிக்கொண்டேயிருக்கும். திடீரென்று மாண்ட கிளையால் இலையை உதிர்க்க முடியாது. உதிர்ப்பதற்கு உயிர் வேண்டும், பிரயத்தனம் வேண்டும், சேமித்த சக்தியில் ஒரு பகுதியைச் செலவிடவும் வேண்டும்.

மனித வாழ்விலோ இதனை நாம் தலைகீழாகக் கருதுகிறோம். பதவியை விட்டு விலகியவரையும், நிலபுலன்களைப் பிள்ளைகளுக்குப் பாகம் பிரித்துக் கொடுத்து ஒதுங்கிய பெரியவரையும் 'ஓய்ந்துபோனார்' என்று அனுதாபத்தோடு பேசுகிறோம். கோபத்திலோ விரக்தியிலோ ஒரே நாளில் எல்லாவற்றையும் உதறிவிட்டுப் போகிறவரைத்தான் பெரிய துறவியென்று வியக்கிறோம். அந்த வியப்பு எனக்கு உடன்பாடானதன்று. ஐம்பது வருஷம் உழுத நிலத்தை மகன் கையில் ஒப்படைக்குமுன், எந்த மூலையில் நீர் தேங்கும், எந்த வரப்பு இடியும் என்பதையெல்லாம் பொறுமையாகக் காட்டிக் கொடுத்துவிட்டு நகர்கிற கிழவரிடத்தில்தான் நான் மரத்தின் பக்குவத்தைக் காண்கிறேன்.

இலையுதிர்ந்த பிறகு நிகழ்வது இன்னும் விசித்திரம். சித்திரை வெயில் கொளுத்தும்போதே, ஒரு துளி மழையும் விழாத நிலையில், இந்திய வனங்களில் பல மரங்கள் தளிர்விடுகின்றன. கோஸ்டாரிகாவின் குவானகாஸ்டே காடுகளை ஆராய்ந்த ரோல்ஃப் போர்ச்செர்ட் 1994-இல் வெளியிட்ட கட்டுரையில் இத்தகைய தளிர்ப்பின் சூட்சுமம் விளங்குகிறது. இலைகள் போனதும் நீர்ச்செலவு நின்றுவிடுகிறது. ஆழத்து வேர்களுக்கு எட்டும் சொற்ப ஈரம் தண்டில் சிறுகச் சிறுகச் சேர்ந்து, மொட்டுகளை அவிழ்க்கப் போதுமானதாகிறது. பழைய இலைகள் அப்படியே இருந்திருந்தால் அந்த நீரையும் அவையே குடித்துத் தீர்த்திருக்கும்.

கீழே விழுந்த சருகும் வீணாவதில்லை. கறையானும் பூஞ்சையும் அதனைச் சிதைத்து, மரம் மீட்காமல் விட்ட சத்துக்களை மண்ணில் சேர்க்கின்றன. கோமுகி அணைக்கு வரும் நீர் இத்தகைய சருகு மண்ணில் ஊறியே இறங்குகிறது. பங்குனியில் இம்மலைப்பாதையில் பீடித்துண்டை அணைக்காமல் எறிகிறவர்கள் இதனை அறிதல் அவசியம்: சருகு எரிந்தால் சாம்பலில் சுண்ணாம்பு மிஞ்சும், ஆனால் அதிலிருந்த தழைச்சத்தில் பெரும்பகுதி புகையோடு வானில் கலந்து, வேருக்கு எட்டாமலே போய்விடும்.