நந்திக்கடல் திறக்கும் மாதத்தில் வெனிஸ் மூடுகிறது

புரட்டாசி முடிந்து சோளகக் காற்று ஓயும் நாள்களில் முல்லைத்தீவுப் பக்கம் போனால், வட்டுவாகல் பாலத்தில் சற்று நின்று பாருங்கள். மேற்கே நந்திக்கடல் என்னும் களப்பு. கிழக்கே ஒரு மணல்திட்டு, அதற்கு அப்பால் வங்கக் கடல். 2009இல் போர் முடிந்த இடமாகவே நந்திக்கடலைப் பலர் அறிவார்கள். ஆண்டுதோறும் இங்கே நடக்கும் இன்னொரு சங்கதியை அறிந்தவர்கள் குறைவு.

கோடை முழுவதும் களப்பு வற்றிக்கொண்டே போகிறது. ஓரத்துச் சேறு வெடித்து உப்புப் பூக்கிறது. பேராறு போன்ற ஆறுகளில் நீர் வராததால் முகத்துவாரத்தைக் கழுவிவிட ஆளில்லை. இலங்கைக் கரையில் வற்றுப்பெருக்கின் உயர வித்தியாசமும் ஒரு மீற்றருக்குள்தான். மணலைத் தள்ள அதற்கும் வலுப் போதாது. அலைகள் கொண்டுவந்து குவிக்கும் மணல் வாயை அடைத்துவிடுகிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலைமை தலைகீழாகும். வெள்ளம் வந்து சேர, களப்பின் நீர்மட்டம் கடலைவிட உயர்கிறது. அப்போது திட்டின் தாழ்ந்த இடத்தில் மண்வெட்டியால் ஒரு சிறு வாய்க்கால் கீறிவிட்டாலே போதும். ஓடும் நீர் மணலை அரிக்கும். அரிக்க அரிக்க வாய்க்கால் ஆழமாகும். ஆழமாக ஆக இன்னும் கூடுதலான நீர் பாயும். காலடி அகலத்தில் தொடங்கியது சில மணி நேரத்தில் கடக்க முடியாத ஆறாகிவிடும்.

வெள்ளம் வெளியே போகும் அந்த வழியால்தான் இறால் உள்ளே வருகிறது. இறால் முட்டையிடுவது கடலில், வளர்வது களப்பில். ஒரு சென்ரிமீற்றர் அளவேயான குஞ்சுகள் பெருக்கோடு உள்நுழைந்து, சேற்றில் இரை தின்று சில மாதங்களில் பெரிதாகின்றன. பிறகு முட்டையிட மீண்டும் கடலுக்குப் போகின்றன. வாய் திறக்காத ஆண்டில் வலையும் வெறுமைதான்.

இதே பருவத்தில் இத்தாலியின் துறைமுக நகரான வெனிஸ் தன் களப்பின் வாயை மூடுகிறது. இலையுதிர்காலத்தில் தென்கிழக்கிலிருந்து வீசும் சிறொக்கோ காற்று, அட்ரியாட்டிக் கடல்நீரை அதன் வடகோடிக்குத் தள்ளுகிறது. அது பெருக்கோடு சேர்ந்தால் நகரம் முழங்காலளவு நீரில் நிற்கும். 2019 நவம்பர் 12 இரவு நீர்மட்டம் 187 சென்ரிமீற்றரைத் தொட்டது. மறு ஆண்டு ஒக்டோபர் 3ஆம் திகதி, மூன்று முகத்துவாரங்களிலும் கடலடியில் படுத்திருந்த 78 இரும்புக் கதவுகள் முதன்முறையாக உண்மையான பெருக்கொன்றை எதிர்த்து எழுந்தன. உள்ளே காற்றை அடைக்க, கதவிலுள்ள நீர் வெளியேறும். கதவு மிதந்து எழும்.

ஆனால் வெனிஸும் கதவுகளை மூடியே வைத்திருக்க முடியாது. கப்பல்கள் நின்றுவிடும், நீர் மாறாமல் களப்பு கெட்டுவிடும். முன்னைய நூற்றாண்டுகளில் களப்பை வண்டல் நிரப்பிவிடும் என்று அஞ்சி, ஆறுகளையே திசைதிருப்பிய நகரம் அது.

நந்திக்கடலுக்குக் கோடிக்கணக்கில் செலவழித்துக் கதவு போடத் தேவையில்லை. முகத்துவாரத்தைப் பிந்தி வெட்டினால் வயல் மூழ்கும். முந்தி வெட்டினால் இறாலுக்கு வேண்டிய நீர் வடிந்துவிடும். ஆகவே வெட்டும் நாளைக் கமக்காரரும் கடற்றொழிலாளரும் நீர்மட்டத்தைப் பார்த்து ஒன்றாக இருந்து முடிவுசெய்யட்டும்.