பழைய வீட்டை மாடர்னா மாற்றப் போறீங்களா? முதல் செலவு ஃபால்ஸ் சீலிங் இல்லை!

புதுச்சேரி வைசியாள் வீதிப் பக்கம் நடந்திருக்கீங்களா? தெருவைப் பார்த்துத் தாழ்வாரம், திண்ணை, உள்ளே தூண் வைத்த முற்றம். இப்படி ஒரு வீடு உங்களுக்குப் பங்காக வந்திருக்கு, உள்ளே புதுசா மாற்றணும்னு ஆசை. தப்பே இல்லை. ஆனா பணத்தை எந்த வரிசையில் இறக்குறீங்க என்பதுதான் முக்கியம்.

நிறைய பேர் முதலில் ஃபால்ஸ் சீலிங்குக்கும் மாடுலர் கிச்சனுக்கும் அட்வான்ஸ் கொடுத்துடறாங்க. அடுத்த மழையில் தளம் ஒழுகினா, அந்த சீலிங்கைப் பிரிச்சாகணும். ஒரே இடத்துக்கு ரெண்டு செலவு!

சரியான வரிசை இதுதான்:

1. மேல்தளம்: இந்த வீடுகளில் பல மெட்ராஸ் டெரஸ். மர உத்தரங்கள் மேல் செங்கலைச் சுண்ணாம்பில் பதித்துக் கட்டியது. உத்தரம் சுவருக்குள் போகும் முனை உளுத்திருக்கா என்று முதலில் பாருங்க.

2. சுவர்: சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். மேலே சிமென்ட் பூசினா ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு பூத்து, பெயின்ட் உரியும். சுண்ணாம்புப் பூச்சு காய நாளாகும், பொறுத்துக்கோங்க.

3. வயரிங், பைப்.

4. கடைசியில்தான் இன்டீரியர். தனியாக நிற்கும் அலமாரி, கிச்சன் யூனிட் போதும். முற்றத்தை மூடாதீங்க. மூடினா பகலிலேயே லைட் போடணும், கரன்ட் பில் ஏறும்.

பாரம்பரியப் பட்டியலில் உள்ள வீடு என்றால், முகப்பில் கை வைக்கும் முன் அனுமதி வாங்கணும்.

இப்போ லோன். 10 லட்சம், 9% வட்டி, 15 வருஷம் என்றால் முதல் வருட வட்டி மட்டும் ஏறக்குறைய 88,000 ரூபாய். நீங்க குடியிருக்கும் வீட்டைப் புதுப்பிக்க வாங்கிய கடனுக்கு, பழைய வரி முறையில் வருஷத்துக்கு 30,000 ரூபாய் வரைதான் கழிவு. வீடு வாங்கும் கடனுக்கான 2 லட்சம் இங்கே கிடையாது. புதிய வரி முறையில் அந்த 30,000-மும் இல்லை. அதனால வரி மிச்சமாகும்னு நம்பி கடனைப் பெரிசாக்காதீங்க.

இன்னொன்று, பில்களைப் பத்திரமா வையுங்க. நாளைக்கு வீட்டை விற்றா, புது அறை, புதுத் தளம் போன்ற மேம்பாட்டுச் செலவை லாபக் கணக்கில் கழிக்கலாம். பெயின்ட்டும் சோபாவும் அதில் சேராது.

கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு முதலில் பணம் ஒதுக்குங்க. மீதியில் அழகு பண்ணலாம். உங்க வீட்டில் எது முதலில் சரி செய்யணும்? கமென்ட்டில் சொல்லுங்க!