உடைக்காமலே புதுசாக்கலாம், பழைய குளியல் அறையை!

வீடு கட்டி இருபது வருஷம் ஆகிவிட்டது. சுவருக்கு வெள்ளை அடித்தாகி விட்டது. கதவுக்கு வர்ணம் பூசியாகி விட்டது. குளியல் அறை மட்டும் அப்படியே இருக்கிறது. டைல்ஸ் மங்கிக் கிடக்கிறது. இடுக்கெல்லாம் கருத்து விட்டது. தண்ணீர் விழும் இடத்தில் உப்புக் கறை.

"எல்லாவற்றையும் பெயர்த்து எறிந்து விட்டுப் புதிதாகப் போட்டு விடலாம்" என்கிறார் கொத்தனார். செலவைக் கேட்டதும் தலை சுற்றுகிறது.

அவசரப்பட வேண்டாம். டைல்ஸ் அசையாமல் கெட்டியாக இருந்தால், அதை உடைக்கத் தேவையே இல்லை.

உடைத்தால் என்ன ஆகும்?

டைல்சுக்கு அடியில் சிமெண்டுக் கலவை இருக்கிறது. ஒழுங்காகக் கட்டிய வீடாக இருந்தால், அதற்கும் அடியில் தண்ணீர் இறங்காமல் தடுக்கும் பூச்சு இருக்கும். உளி வைத்துத் தரையைக் கொத்தினால் அந்தப் பூச்சிலும் அடி விழும். சுவருக்குள் போகும் குழாயும் உடையலாம்.

மாடி வீடு என்றால் கேட்கவே வேண்டாம். கீழ் வீட்டுக் கூரையில் தண்ணீர் சொட்டும். டைல்ஸ் மாற்றப் போய், கீழ் வீட்டுக்காரரோடு சண்டை வந்து சேரும்.

கொத்தும்போது கிளம்பும் தூசியில் சிலிக்கா என்ற நுண்ணிய தூள் இருக்கிறது. அது நுரையீரலுக்குக் கெடுதல். குப்பை அள்ளும் கூலி வேறு.

தட்டிப் பாருங்கள்

எந்த வேலைக்கும் முன்பு ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு நாணயத்தை எடுத்து ஒவ்வொரு டைல்சின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் தட்டுங்கள்.

"டக் டக்" என்று கெட்டியாகக் கேட்டால் நல்லது. "டொப் டொப்" என்று கேட்டால், உள்ளே காலியாக இருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் சாக்பீசால் குறி போடுங்கள். இரண்டு மூன்று டைல்ஸ் மட்டும் அப்படி இருந்தால், அவற்றை மட்டும் எடுத்து மறுபடி ஒட்டினால் போதும்.

அறைக்கு வெளிப்பக்கச் சுவரையும் பாருங்கள். சுண்ணாம்பு உதிர்கிறதா? ஈரம் தெரிகிறதா? அப்படியானால் எங்கோ தண்ணீர் கசிகிறது. முதலில் கசிவைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். அதன் மேல் அழகு செய்வது, புண்ணை மூடி வைத்து மேலே சட்டை போடுவது போன்றது.

ஆசிட் வேண்டாம்

கறை போக்க ஆசிட் ஊற்றுகிறவர்கள் அதிகம். ஆசிட் கறையை மட்டும் தின்பதில்லை. இடுக்கில் உள்ள சிமெண்டையும் தின்று விடுகிறது. அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் என்ற விஷ வாயு கிளம்பும். அடைத்த அறையில் அது உயிருக்கே ஆபத்து. இரண்டையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

உப்புக் கறைக்கு வினிகரைத் தண்ணீரில் கலந்து துணியால் தடவி, சிறிது நேரம் விட்டுத் தேய்த்துக் கழுவினால் போதும்.

முதல் வழி: இடுக்கு அடைத்தல்

இது செலவு குறைந்த வழி. பல வீடுகளில் டைல்ஸ் பழசாகத் தெரிவதற்குக் காரணம் டைல்ஸ் அல்ல, கருத்துப் போன இடுக்குதான்.

பழைய சிமெண்டைச் சுரண்டி எடுங்கள். தூசியைத் துடைத்து, புதிய கலவையை அழுத்தி நிரப்புங்கள். தரைக்கு எபாக்ஸி கலவை நல்லது. அதில் தண்ணீரும் கறையும் எளிதில் இறங்காது. ஆனால் அது சீக்கிரம் இறுகி விடும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, மேலே பட்டதை உடனே துடைத்து விட வேண்டும்.

சுவரும் தரையும் சேரும் மூலையில் மட்டும் சிலிக்கான் பசை வையுங்கள். அது ரப்பர் போல வளைந்து கொடுக்கும். சிமெண்டு அந்த இடத்தில் வெடித்து விடும்.

இரண்டாம் வழி: வர்ணம்

டைல்சுக்கென்றே எபாக்ஸி பெயிண்டு விற்கிறது. சுவரை எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, நன்றாகக் காய விடுங்கள். 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பை எடுங்கள். பிறகு பிரைமர் ஒரு கை, பெயிண்டு இரண்டு கை. ஜன்னலைத் திறந்து வைத்துக் கொண்டு பூச வேண்டும்.

டப்பாவில் போட்டிருக்கும் நாட்கள் முடியும் வரை அங்கே குளிக்கக் கூடாது. அவசரப்பட்டால் பெயிண்டு உரிந்து வரும். இது சுவருக்கு ஏற்றது. தினமும் தண்ணீர் தேங்கி, கால் படும் தரைக்கு ஏற்றதல்ல.

மூன்றாம் வழி: டைல்ஸ் மேல் டைல்ஸ்

பழைய டைல்ஸ் மேலேயே புதிய டைல்ஸ் ஒட்டலாம். ஆனால் வெறும் சிமெண்டுப் பால் பிடிக்காது. பளபளப்பான முகம் ஈரத்தை உறிஞ்சாது அல்லவா? அதற்கென்று உள்ள ஒட்டும் பசை மாவு வேண்டும். மூட்டையில் ஐ.எஸ். 15477 என்ற எண் இருக்கிறதா, பழைய டைல்ஸ் மேல் ஒட்டத் தக்கது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

தரை ஏறத்தாழ அரை அங்குலம் உயரும். ஆகவே கதவின் அடியைச் செதுக்க வேண்டும். தண்ணீர் போகும் வாயையும் உயர்த்த வேண்டும். அறையின் தரை வெளித் தரையை விடத் தாழ்ந்தே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் கூடத்துக்கு வந்து விடும். சதுர மீட்டருக்குச் சுமார் 20 கிலோ எடை கூடும். பழைய கட்டடமானால் என்ஜினீயரைக் கேட்டுச் செய்யுங்கள். தரைக்குச் சொரசொரப்பான டைல்சே வாங்குங்கள். வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

எப்போது உடைக்கலாம்?

தட்டிய இடமெல்லாம் "டொப் டொப்" என்றால் உடைக்கத்தான் வேண்டும். அடியில் கசிவு இருந்து, இடுக்கு அடைத்தும் நிற்கவில்லை என்றாலும் வேறு வழியில்லை. அப்போது செலவைப் பார்க்கக் கூடாது.

மற்றவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நாணயத்தோடு குளியல் அறைக்குள் போங்கள். தட்டிப் பாருங்கள். கொத்தனாரை அப்புறம் கூப்பிடலாம்!