கிறிஸ்மஸ் தாத்தாவுக்கு யார் தாடி வெட்டுவது?

மெதுவாக வாருங்கள். கதவை முழுசாகத் திறக்க வேண்டாம், திறந்தால் தாடியெல்லாம் காற்றில் பறந்துவிடும். தாடியேதான்! வெள்ளை அட்டையில் ஒரு சாண் அகலத்துக்கு, நுனியெல்லாம் நறுக்கு நறுக்கென்று வெட்டி மேசை முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறார்கள். மலாக்காவின் ஜாசின் பக்கத்தில் ஒரு சிற்றூர், தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் மண்டபம். வெளியே செம்பனை, டிசம்பர் மழை. உள்ளே மூன்று வயது முதல் ஆறு வயது வரை பொடிசுகள், ஆளுக்கொரு முனை மழுங்கிய கத்தரிக்கோலோடு.

பெருநாளன்று வருகிறவர்கள் சுவரில் மரத்தையும் கூரையில் காகிதச் சங்கிலியையும் வாசலில் நட்சத்திரத்தையும் பார்ப்பார்கள். "அழகா இருக்கு டீச்சர்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பிரியாணி இருக்கும் பக்கம் நகர்ந்துவிடுவார்கள். எதை எந்த வயதுப் பிள்ளை வெட்டியது என்று யாரும் கேட்பதில்லை. எல்லாச் சூழ்ச்சியும் அதில்தான் இருக்கிறது. பாலர் பள்ளியில் பாடம் நடத்தும் டீச்சர் என் காதோரம் வந்து சொன்னார்: "வெளிய சொல்லிடாதீங்க. அலங்காரம்னு ஒரு பேருதான். நெசத்துல இது கைக்குப் பயிற்சி."

சொல்லாமல் இருக்க முடியுமா?

தாடி மேசை மூன்று வயதுக்காரர்களின் ராஜ்ஜியம். அந்த வயதில் கையால் ஆவது ஒரே ஒரு 'சக்'. திறப்பது, மூடுவது, அவ்வளவுதான். கோட்டின் மேலேயே வெட்டிக்கொண்டு போவதற்கு இன்னும் ஒரு வருஷம் ஆகும். ஆகவே அவர்களுக்குக் கொடுப்பது ஒரே வெட்டில் முடிகிற வேலை. அட்டையின் ஓரத்தில் சக், பக்கத்தில் இன்னொரு சக். கோணலாக வெட்டினாலும் தாடிதான், குட்டையாக வெட்டினாலும் தாடிதான். பென்சிலில் சுற்றி விட்டால் சுருட்டைத் தாடி. பச்சை அட்டைப் பட்டைகளின் ஓரத்தை இப்படியே நறுக்கி, நீளமானதைக் கீழேயும் குட்டையானதை மேலேயுமாக ஒட்டினால் கிறிஸ்மஸ் மரம் எழுந்து நிற்கும். தப்பாக வெட்டவே முடியாத பொருளைத் தேர்ந்தெடுத்தவருக்குப் பாதி வெற்றி அங்கேயே வந்துவிட்டது என்பது என் கட்சி. தாடிகள் தேவைக்கு மேல் குவிந்துவிட்டதால் குடிலில் சூசையப்பருக்கு ஒன்று, இடையர்களுக்கு ஆளுக்கொன்று, மாட்டுக்கும் ஒன்று ஒட்டியாகிவிட்டது. ஃபாதர் இன்னும் பார்க்கவில்லை.

வெட்டுகிறவர்களைப் பின்னாலிருந்து பாருங்கள், சிரிப்பு வரும். ஒவ்வொரு பிள்ளையின் கக்கத்திலும் மடித்த பழைய நாளிதழ்! பென்ஷன் வாங்கப் புறப்பட்ட தோட்டத்துக் கிராணிமார் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். முழங்கை விலாவை விட்டு இறக்கை மாதிரி விரிந்தால் தாள் கீழே விழும், விழாமல் பிடித்தால் கை தானாக அடங்கும். கட்டைவிரல் நகத்தில் சிரிக்கிற முகம் போட்ட ஒட்டி வேறு. "பொம்மை ஒன்னைப் பாக்குதா?" என்று டீச்சர் குரல் கொடுத்தால் அத்தனை கட்டைவிரலும் மேலே திரும்புகின்றன. கட்டைவிரல் கூரையைப் பார்த்தால்தான் மணிக்கட்டு நேராக நிற்கும். அது தரையைப் பார்த்தால் கத்தரி குப்புறப் படுத்துக்கொள்ளும்.

மெல்லிய தாள் சுலபம் என்று நானும் நீங்களும் நினைப்போம். அதுதான் கஷ்டம். அச்சுத் தாள் வளைந்து இரண்டு அலகுக்கும் நடுவில் மடிந்துவிடும், பிள்ளை அழும். மணிலா அட்டை விறைப்பாக நிற்கும். பழைய வாழ்த்து அட்டை அதைவிட நல்லது. காலண்டருக்கு ஆயுள் முடிகிற மாதம் என்பதால் வீடுகளிலிருந்து அதன் முதுகு அட்டையும் வந்து சேர்கிறது. வெண்ணெயைக்கூட வெட்டாத முழுப் பிளாஸ்டிக் கத்தரிக்கோலை மட்டும் டீச்சர் உள்ளே விடுவதில்லை. வெட்டாத கத்தரி பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பது எரிச்சலை மட்டுமே.

நான்கு வயதுக்காரர்களிடம் சங்கிலி வேலை. தடித்த மார்க்கரில் போட்ட நேர்கோடு, அதன் மேலேயே வெட்டி எடுத்த பட்டை, வளையமாக ஒட்டி அடுத்ததை அதற்குள் நுழைக்க வேண்டும். இரண்டே நாளில் கோடு மெலிந்துவிடுகிறது. பிள்ளைகள் கவனிப்பதில்லை, டீச்சர்தான் மெலிய வைக்கிறார், கள்ளி! கத்தரியை முழுக்க மூடாமல் பாதியிலேயே திறந்து முன்னே தள்ளினால் ஓரம் பிசிறாது என்பது இங்கே கிடைத்த இன்னொரு தகவல். இது தெரியாமல் இத்தனை வருஷம் பரிசுப்பொருள் சுற்றியிருக்கிறேன்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த மூலை. ஐந்து வயதுக்காரர்கள் வட்ட அட்டையைச் சுருளாக வெட்டுகிறார்கள். வெளி ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்குப் போய், நடுவை நூலில் கட்டித் தூக்கினால் கூம்பு மரமாகத் தொங்கும். கத்தரி பிடித்த கை இருந்த இடத்திலேயே இருக்க, இன்னொரு கை தாளைத் திருப்பிக்கொடுக்க வேண்டும். இரண்டு கையும் இரண்டு வேலை செய்கிற முதல் வெட்டு இது. மேற்பார்வை ஒரு பாட்டி. பால்மரம் வெட்டிய கை.

மலாயாவில் வாணிகத்துக்காக ரப்பர் பயிரிட்ட முதல் தோட்டம் இந்த மலாக்காவில்தான் போடப்பட்டது. 1896இல் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ஆரம்பித்தார், பிறகு புக்கிட் அசஹானில் பெரிசாக. செம்பனை வந்து ரப்பரைத் தள்ளிய பிறகும் அந்த வெட்டுக்காரர்களின் கை மட்டும் இன்னும் பாட்டிமாரிடம் இருக்கிறது. மரத்தைப் பாதி சுற்றிச் சரிந்து இறங்கும் கோடு, அதில் மெல்லிய சீவல், ஆழம் போனால் மரத்துக்குக் காயம். "கத்தியப் பாக்காதடா, கத்தி போகப்போற எடத்தப் பாரு" என்கிறார் பாட்டி. கத்தரிக்கோலைக் கத்தி என்றே சொல்கிறார், யாரும் திருத்தவில்லை. பிள்ளையின் கண் கோட்டில் ஓர் அங்குலம் முன்னே தாவுகிறது, சுருள் அறுபடாமல் இறங்குகிறது. பாட்டிக்கு இதற்குச் சம்பளமாக இரண்டு கோப்பை கோப்பி.

அந்த மேசையில் ஒரு சுட்டிப் பெண்ணுக்கு இடக்கைப் பழக்கம். "பீச்சாங்கையில வெட்டலாமா டீச்சர்?" என்று பாட்டியே தயங்கினார். தாராளமாக வெட்டலாம், கத்தரிதான் தப்பு. வலக்கைக் கத்தரியை இடக்கையில் பிடித்தால் மேல் அலகு கோட்டை மறைக்கும், விரல்களின் அழுத்தத்தில் அலகுகள் ஒன்றையொன்று விட்டு விலகும். அலகு மாற்றிப் பொருத்திய கத்தரி வந்ததும் அவள் வகுப்பிலேயே வேகக்காரி.

பனித்துகள் வெட்டலாம் என்று யாரோ யோசனை சொல்ல, தாளை மடித்து ஓரங்களை நறுக்கி விரித்தார்கள். "கோலம்! கோலம்!" என்று மண்டபம் அதிர்ந்தது. அத்தனையும் வாசலில் கோலமாகவே ஒட்டியாயிற்று. மலாக்காவுக்கு எதற்குப் பனி?

ஆறு வயதுக்காரர்களுக்கு வித்தை. தாளை ஐந்தாறு மடிப்பு மடித்து, சாய்வாக ஒரே வெட்டு. விரித்தால் ஐந்து முனை நட்சத்திரம்! மந்திரவாதி ஹூடினி 1922இல் வெளியிட்ட காகித வித்தை நூலில் இதுவும் இருக்கிறது. ஒரே வெட்டுப் புதிர் 1721லேயே ஒரு ஜப்பானியப் புத்தகத்தில் வந்துவிட்டது. நேர்கோடுகளால் ஆன எந்த உருவத்தையும் சரியாக மடித்தால் ஒரே நேர்வெட்டில் எடுத்துவிடலாம் என்று 1990களின் கடைசியில் கணித அறிஞர்கள் நிரூபித்தே காட்டினார்கள். பல மடிப்பை ஒரேயடியாக வெட்டப் பிஞ்சுக் கைக்கு வலு போதாது. எனவே இங்கே மட்டும் மெல்லிய தாளுக்கு அனுமதி. எல்லா வகுப்பறையிலும் சுருட்டி வைத்திருப்பார்களே, அந்த மாஜோங் தாள்.

பிள்ளைகள் பசை கழுவப் போன நேரத்தில் உதவிக்கு வந்த இளம்பெண் ஒருத்தி, கோணல் நட்சத்திரங்களின் ஓரத்தை நைசாகச் சரிசெய்யப் போனாள். டீச்சர் கத்தரியைப் பிடுங்கிக்கொண்டார். கோணலானாலும் பிள்ளை வெட்டியதுதான் தொங்க வேண்டும் என்பது அவர் கட்சி. கடையில் வெட்டியே விற்கும் அலங்காரத் தாள்களை அவர் வாங்காததும் இதனால்தான். டிசம்பரில் உஜோங் பாசிர் போர்த்துகீசியக் குடியிருப்பின் விளக்குகளைப் பார்க்க எல்லாரும்தான் போகிறோம், நானும் போவேன். ஆனால் அங்கே எல்லாம் எரிய ஆரம்பித்த பிறகுதான் பார்க்க முடியும். இங்கே வெட்டும்போதே பார்க்கலாம்.

சாயங்காலம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக அப்பாமார் மோட்டார்சைக்கிளில் வந்தார்கள். மழை விடவில்லை. சும்மா நிற்பானேன் என்று ஒருவர் மடித்துப் பார்த்தார், விரித்தால் நாலு முனை. மகன் விழுந்து விழுந்து சிரித்தான். அடுத்தவர் உட்கார்ந்தார், ஹெல்மெட்டைக் கழற்றாமலே. பிறகு இன்னொருவர். மழை விட்டதை ஒருத்தரும் கவனிக்கவில்லை.

"டீச்சர், மாஜோங் தாள் தீந்துபோச்சு லா!"