ஆளைக் கண்டால் பாயும் சேவல்! அடித்தால் அடங்காது

வீரகேரளம்புதூர்,
தென்காசி மாவட்டம் வீரகேரளம்புதூர் வட்டாரத்தில் புறவாசலில் நாட்டுக்கோழி வளர்ப்போர் கவனிக்க வேண்டிய சேதி இது.

"சேவல்தானே, என்ன செய்துவிடும்?" என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவில் முட்டை எடுக்கப் போன 76 வயது மூதாட்டியின் காலைச் சேவல் கொத்தியது. புடைத்திருந்த நரம்பு கிழிந்து ரத்தம் கொட்டியதில் அவர் பரிதாபமாக இறந்தார். அடிலெய்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் 2019-ல் இதை மருத்துவ இதழில் எழுதி எச்சரித்தார்.

ஏன் பாய்கிறது?

ஐந்து, ஆறு மாதத்தில் சேவல் பருவத்துக்கு வருகிறது. பெட்டைகளைக் காக்கும் வெறி அப்போது ஏறுகிறது. ஆளையும் இன்னொரு சேவலாக நினைத்துக் கால் முள்ளால் அடிக்கிறது.

என்ன செய்வது?

உதைத்தால் சண்டைக்குக் கூப்பிட்டதாகிவிடும். மறுநாள் இன்னும் மூர்க்கமாக வரும். பயந்து ஓடினாலோ, ஜெயித்தது சேவல்! அசையாமல் நில்லுங்கள். முறத்தையோ கூடையையோ குறுக்கே பிடித்து மெதுவாக ஒதுக்குங்கள். ஒரு சேவலுக்கு எட்டு, பத்து பெட்டைகள் இருக்கட்டும். முள்ளின் கூர் நுனியை மட்டும் மழுக்கிவிடலாம்.

பிள்ளைகள் ஜாக்கிரதை

பாயும் சேவல் எட்டும் உயரத்தில்தான் சின்னப் பிள்ளைகளின் கண் இருக்கிறது. அவர்கள் விளையாடும் நேரம் சேவலைப் பஞ்சாரம் போட்டு மூடிவிடுங்கள். காயம் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, டி.டி. ஊசிக்கு ஆஸ்பத்திரி போக வேண்டும்.

எத்தனை செய்தும் அடங்காத சேவலைக் குஞ்சுக்கு விடக் கூடாது. அந்தக் குணம் குஞ்சுகளுக்கும் வரலாம். அது குழம்புக்குத்தான்!