டைல்ஸ் வாங்க முன்னே கணக்குப் பார்ப்போம்

1977 கலவரத்துக்குப் பின் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய சொந்தபந்தம் நமக்கு நிறைய. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் அங்கே கட்டிய வீடும் 550 சதுர அடி, இங்கே தோட்டங்களில் கட்டிய வீடும் 550. சீமெந்துத் தரைக்கு டைல்ஸ் போட எத்தனை பெட்டி வேணும் என்று இரண்டு பக்கமும் கேட்கிறார்கள்.

13க்கு 10 அடி அறையைப் பார்ப்போம். 130 சதுர அடி. வெட்டு, உடைசலுக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் 143.

பலரும் சறுக்குவது அடுத்த இடத்தில்தான். கடையில் 'இரண்டடி டைல்ஸ்' என்பது 60 சென்ரிமீற்றர். நாலு டைல்ஸ் உள்ள பெட்டி 16 சதுர அடி பிடிக்காது, பதினைந்தரைதான். 16 என்று வகுத்தால் ஒன்பது பெட்டி போதும் போலத் தெரியும். சரியாக வகுத்தால் பத்து. குறைந்த ஒரு பெட்டிக்காகத் திரும்ப டவுனுக்குப் போனால் பஸ் காசும் போச்சு, அதே நிறமும் கிடைக்காது. ஆகவே எல்லாப் பெட்டியிலும் தொகுதி இலக்கம் ஒன்றா என்று பார்த்து ஒரேயடியாக வாங்குங்கள்.

இடுக்கு நிரப்பும் கிரவுட், 3 மில்லிமீற்றர் இடைவெளிக்கு இரண்டு கிலோ காணும். ஓரடி டைல்ஸ் என்றால் இடுக்கு இரட்டிப்பு. மூன்றரைக் கிலோ வரை பிடிக்கும். மேசன் பாஸ் ஐந்து கிலோ கேட்டால் ஏன் என்று கேளுங்கள். உடைக்காத பெட்டியைக் கடைக்காரர் திருப்பி எடுப்பாரா என்பதை வாங்கும்போதே பில்லில் எழுதிக்கொள்ளுங்கள்.