குறட்டை நல்லுறக்கத்தின் அடையாளமா?

குறட்டைவிட்டு உறங்குபவரைக் கண்டால், 'கவலையின்றி உறங்குகிறார்' என்பது நம் வழக்கம். உண்மையில் அவ்வோசை, குறுகிப்போன மூச்சுப்பாதையில் காற்று முட்டிமோதிச் செல்வதன் ஒலி. அப்பாதை அடைபட்டு, 10 வினாடிகளோ அதற்கு மேலோ மூச்சு நின்று, திணறலுடன் மீள்வதும் உண்டு. உறக்கத்தில் இது மீண்டும் மீண்டும் நிகழ்வதையே மருத்துவர்கள் 'ஸ்லீப் ஆப்னியா' என்கின்றனர். மணிக்கு 30 முறையோ அதற்கு மேலோ மூச்சு தடைபட்டால் அது கடுமையான நோய்.

இதற்கும் உடல் பருமனுக்கும் என்ன தொடர்பு? கொழுப்பு இடுப்பில் மட்டும் சேர்வதில்லை. கழுத்தைச் சுற்றியும், நாக்கிலும், தொண்டைச் சுவரிலும் படிகிறது. விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் மூச்சுப்பாதையைத் திறந்து வைத்திருக்கின்றன. உறக்கத்தில் அவை தளரும்போது பாதை மூடிக்கொள்கிறது. ஒல்லியானவர்களுக்கும் தாடை அமைப்பு போன்ற காரணங்களால் இந்நோய் வரலாம் என்றாலும், பருமனே முதன்மைக் காரணி. எடை 10 சதவீதம் கூடினால் மூச்சுத்தடைகள் ஏறத்தாழ 32 சதவீதம் கூடுவதையும், 10 சதவீதம் குறைந்தால் 26 சதவீதம் குறைவதையும் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாகாண ஆய்வு 2000-இல் எடுத்துக்காட்டியது.

வகுப்பறையில் நான் ஆண்டுதோறும் கற்பித்த பாடம், ராக்னர் நர்க்சே விளக்கிய 'வறுமையின் நச்சு வட்டம்'. வறுமையால் சேமிப்பு குறையும். அதனால் முதலீடு குறையும். அதனால் வறுமை நீடிக்கும். இந்நோயிலும் அத்தகைய வட்டத்தையே காண்கிறேன். பருமன் உறக்கத்தைக் கெடுக்கிறது. உறக்கக் குறைவு பசியைத் தூண்டுகிறது. பகல்நேரச் சோர்வு உடலுழைப்பைத் தடுக்கிறது. எடை மேலும் கூடுகிறது. எனவே, நோயாளியைச் சோம்பேறி என்று பழிப்பது, ஏழையிடம் 'ஏன் சேமிக்கவில்லை?' என்று கேட்பதற்கு ஒப்பாகும்.

தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழகப் பெண்களில் மிகை எடையும் பருமனும் உடையோர் 2015-16-இல் 30.9 சதவீதம், 2019-21-இல் 40.4 சதவீதம். ஆண்களில் இது 28.2-லிருந்து 37 சதவீதமாக உயர்ந்தது. கவனிக்கப்படாத மூச்சுத்தடை உயர் ரத்த அழுத்தம், இதய நோய், பக்கவாதம் ஆகியவற்றுக்கு வழிவகுக்கும். பொருளாதாரத்தில் நாங்கள் 'புறவிளைவு' என்று குறிப்பிடும் கேடும் இதில் உண்டு: இரவெல்லாம் மூச்சுத்திணறிய ஓட்டுநர் பகலில் கண்ணயர்ந்தால், விலை கொடுப்பவர்கள் பயணிகள்.

இதற்குத் தீர்வு இல்லாமலில்லை. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981-இல் அறிமுகப்படுத்திய, மூக்கின் வழியே தொடர்ந்து காற்றழுத்தம் தரும் சிகிச்சை இன்றும் பயனளிக்கிறது. எடைக் குறைப்பு நோயின் வேரையே தாக்குகிறது. ஆனால், நோயைக் கண்டறிந்தால்தானே சிகிச்சை?

'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்கள் வீடுதோறும் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதிக்கின்றனர். 'உரத்த குறட்டை உண்டா? பகலில் உறக்கம் மேலிடுகிறதா?' என்ற இரு வினாக்களையும் அவர்கள் கேட்கலாம். தொழில்முறை ஓட்டுநர்களின் உரிமத்தைப் புதுப்பிக்கும்போதும் இவ்வினாக்கள் இடம்பெற வேண்டும். ஆனால், 'ஆம்' என்ற விடை வேலையைப் பறித்துவிடும் என்ற அச்சம் இருந்தால் எவரும் உண்மை சொல்லமாட்டார். பரிசோதனையும் சிகிச்சையும் அரசின் செலவில் கிடைக்கும் என்ற உறுதியோடுதான் அவ்வினாக்கள் கேட்கப்பட வேண்டும்.